தத்துவவாதியை நாயகனாகக் கொண்டாடலாமா? தொண்டி நண்பரின் கேள்விக்கு ஒரு பதில்

தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் இருமுறை கூடித் தத்துவ நூல்கள் படிக்கிறார்களாம். போன கூட்டத்தில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர், "ஹிட்லருக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்தானே" என்றார். இன்னொருவர் துள்ளி எழுந்து, "அவரைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி? ஒரு புத்தகமாவது முழுதாகப் படித்திருக்கிறாயா?" என்று கத்தினார். நாற்காலி உருண்டது, இரண்டு பேர் வெளியேறினார்கள், வட்டம் உடைகிற நிலையில் இருக்கிறது. "ஒரு தத்துவவாதியை நாயகனாகக் கொண்டாடுவது தவறா? சிந்திக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களே இப்படி மரியாதை கெட்டுப் போவது ஏன்?" என்பது கேள்வி.

வெளியே தெரிவது இந்த இரண்டும்தான். ஆனால் கடைசி வரியில், "நானும் அன்று ஒன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய பேர் ஒன்றின் முன்னால் சாதாரண வாசகன் வாயைத் திறக்கலாமா என்பதே அது. அதற்கு என் பதில், திறக்கலாம். ஏன் என்று சொல்வதற்குள் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 28 ஆண்டுகள் கல்லூரியில் தத்துவம் நடத்திவிட்டு ஓய்வுபெற்று, இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு கீற்றுக் கொட்டகையில் எங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. மனித மனம் ஏன் நாயகனைத் தேடுகிறது என்பதை உளவியல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும், அதில் நான் கை வைக்க மாட்டேன். ஜெர்மன் எனக்குத் தெரியாது, சமஸ்கிருதம் அரைகுறை. அந்த மொழிகளில் உள்ளதை மொழிபெயர்ப்பின் வழியாகவே சொல்கிறேன். ஒரு வகுப்பறையும் ஒரு கொட்டகையும் சண்டையில் முடிவதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சில தடவை நானே காரணம்.

முதலில் உங்கள் நீட்சே பஞ்சாயத்தை முடித்துவிடுவோம், அது எளிது. நீட்சே சித்தம் கலங்கி விழுந்தது 1889 ஜனவரியில். ஹிட்லர் பிறந்தது அதே ஆண்டு ஏப்ரலில். 1900இல் நீட்சே இறக்கும்வரை அவர் சித்தம் தெளியவில்லை. அவருடைய குறிப்புகளைத் தொகுத்து 1901இல் 'அதிகாரத்துக்கான விழைவு' என்ற பெயரில் ஒரு நூலாக்கி வெளியிட்டதில் தங்கை எலிசபெத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1935இல் அந்த அம்மையாரின் இறுதிச் சடங்குக்கு ஹிட்லரே வந்தார். யூத வெறுப்பாளர்களைக் கண்டாலே நீட்சேவுக்கு ஆகாது என்பதற்கு அவர் கடிதங்களே சாட்சி. ஆகவே "பாதை போட்டுக் கொடுத்தவர்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தவர் அவசரப்பட்டுவிட்டார். அதற்காகக் கத்தியவர் சரி என்று ஆகிவிடாது. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று மனிதரைத் தரம் பிரித்தும் பெண்களைப் பற்றியும் நீட்சே எழுதியவற்றில் சில, எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காதவை. இவையெல்லாம் உறுதியானவை. அவருக்கு வந்த நோய் என்ன என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. சித்தம் கலங்கியபோது இத்தாலியின் டூரின் நகரத் தெருவில் குதிரையைக் கட்டிக்கொண்டு அழுதார் என்ற கதையும் சம்பவம் நடந்து பல ஆண்டுகள் கழித்து அச்சேறியதுதான். அதை வைத்துக் கண்ணீர் விடுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கத்தியவருக்கு எதிராக நீட்சேயே எழுதி வைத்திருக்கிறார். 'இவ்வாறு பேசினான் சரதுஷ்டிரா' என்ற அவர் நூலில், அதில் வரும் ஞானி சரதுஷ்டிரா தன் சீடர்களைவிட்டுப் பிரிகிற இடம். என்றென்றும் மாணவனாகவே இருப்பவன் ஆசிரியருக்குச் சரியான கைம்மாறு செய்யவில்லை என்கிறான். நீங்கள் வணங்கும் சிலை ஒருநாள் உங்கள் மேலேயே விழுந்துவிடப் போகிறது என்றும் எச்சரிக்கிறான். அந்த நூலை முழுதாகப் படித்தவர் உங்கள் வட்டத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

இனி என் கதை. நீட்சே என் நாயகர் அல்லர். எனக்குப் பிளேட்டோ. இருபது வயதில் பிடித்த பித்து. 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் ஒரு கப்பல் உவமை வரும். கப்பல் உரிமையாளன் ஆள் பெரியவன், பலசாலி, ஆனால் காது கொஞ்சம் மந்தம், பார்வையும் குறைவு, கப்பல் ஓட்டுவதைப் பற்றித் தெரிந்ததும் அவ்வளவுதான். மாலுமிகள் ஆளுக்காள் சுக்கானைப் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். ஓட்டுவது ஒரு கலை, கற்க வேண்டியது என்றே அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. காற்றையும் பருவத்தையும் விண்மீனையும் அறிந்த உண்மையான ஓட்டியை, வானத்தைப் பார்த்து வாயடிப்பவன் என்று கேலி செய்கிறார்கள். நாட்டை ஆளத் தெரிந்தவன் தத்துவ ஞானிதான், ஆனால் மக்கள் அவனை மதிப்பதில்லை என்பது உவமையின் சாரம்.

இதை நான் எங்கள் கொட்டகையில் விளக்கியது ஒரு மே மாதத்தில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கும், எங்கள் கூட்டத்துக்கும் அப்போதுதான் ஆள் நிறையும். காது மந்தமான உரிமையாளன் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. "எங்கள் சம்மாட்டியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்" என்று தன் படகு முதலாளியைச் சொன்னார் ஒருவர். நான் மகிழ்ந்துபோனேன். ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழைய வரி பாக் நீரிணைக் கரையில் சிரிப்பை எழுப்புகிறது என்றால் நடத்துகிறவனுக்கு வேறென்ன வேண்டும்.

அப்போது விசைப்படகு டிரைவர் ஒருவர் கேட்டார். மடியில் கிழிந்த வலை, கையில் ஊசி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் பேசிப் பழகிய உரத்த குரலில் கேட்டார்: "சார், வழி தெரிந்தவன்தான் ஓட்ட வேண்டும், சரி. இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, எல்லைக்கோடு எங்கே என்று அது காட்டிவிடும். தாண்டுவதா வேண்டாமா என்று அது சொல்லுமா? தாண்டினால் மாட்டப்போவது நான் மட்டுமா? படகில் இருக்கிற அத்தனை பேரும் சிறைக்குப் போக வேண்டும், சம்மாட்டிக்குப் படகு போகும். அப்படியானால் எங்கே போவது என்பதை ஓட்டத் தெரிந்தவன் ஒருவனே எப்படி முடிவு செய்வான்? உங்கள் ஆள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறாரே?"

"உங்கள் ஆள்" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் சிரித்த முகத்தோடு, மெதுவான குரலில், "ஐயா, பிளேட்டோ அவ்வளவு எளிதில் குழம்பக் கூடியவர் இல்லை. முதலில் நூலை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, "சரி சார்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

சில மாதம் கழித்துப் பழைய பாடக்குறிப்புகளைக் கிளறியபோது, ரென்ஃபோர்ட் பாம்பரோ என்ற கேம்பிரிட்ஜ் தத்துவ ஆசிரியர் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி நானே குறித்து வைத்திருந்த தாள் கையில் அகப்பட்டது. பிளேட்டோவின் அரசியல் உவமைகளைப் பற்றியது. ஓட்டியின் அறிவு எப்படிப் போவது என்பதைச் சொல்லும், எங்கே போவது என்பதைச் சொல்லாது, பயணத்தின் இலக்கைத் தீர்மானிப்பது ஓட்டும் கலையின் பகுதி அல்ல என்பது அதன் மையமான வாதங்களில் ஒன்று. கேம்பிரிட்ஜ்காரர் சொன்னால் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டி மதிப்பெண் போடுகிற வாதம், வலை தைத்துக்கொண்டிருந்தவர் சொன்னபோது எனக்குத் திமிராகப் பட்டிருக்கிறது. சொல்லப்போனால் டிரைவரின் வாதம் ஒரு படி மேல். விளைவைச் சுமக்கிறவர்களுக்கு முடிவில் பங்கு வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருந்தார். பிளேட்டோவின் தரப்பில் பதிலே இல்லை என்று சொல்ல வரவில்லை. எது நன்மை என்பதும் அறியக்கூடிய ஒன்றுதான், அதை அறிந்தவனே ஞானி என்று அவர் சொல்வார். அது நல்ல பதிலா என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஆனால் அன்று நான் அந்தப் பதிலைச் சொல்லவே இல்லை. கேள்வி கேட்டவரை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

தொண்டி நண்பரே, நீங்கள் கேட்ட "மரியாதை" என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அன்று குரலை உயர்த்தியவர் டிரைவர். "ஐயா" போட்டுப் பேசியவன் நான். மரியாதை கெட்டது யாரிடத்தில்? உங்கள் வட்டத்தில் கத்தியவர் பேசியதும் நான் பேசியதும் சாரத்தில் ஒரே வாக்கியம்தான். அவர் நாற்காலியை உருட்டினார், நான் உருட்டவில்லை. இதனால்தான் "மெதுவாகப் பேசுங்கள், சுடுசொல் வேண்டாம்" என்கிற விதிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நம் கரையில் பாசமாகப் பேசினாலே சண்டை போல்தான் கேட்கும். ஒருவர் கேட்டதைக் கேள்வியாக ஏற்றுக்கொண்டோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாயக வழிபாடு நுழைவது இங்கேதான். நாயகர் தவறக்கூடியவர் அல்லர் என்று முடிவாகிவிட்டால், தவறு கேட்டவரிடத்தில்தான் இருந்தாக வேண்டும். அவர் படிக்காதவர், அல்லது புரியாதவர், அல்லது உள்நோக்கம் கொண்டவர். வாதத்தைப் பார்க்க வேண்டிய தேவையே போய்விடுகிறது. பித்தகோரஸின் சீடர்கள் இதைச் சுருக்கமாக முடித்தார்கள் என்று ரோம எழுத்தாளர் சிசரோ எழுதுகிறார். ஏன் என்று கேட்டால் "அவரே சொன்னார்" என்பார்களாம், அவ்வளவுதான் விடை. நாயகரைக் காக்கிறோம் என்று நினைக்கிறோமே, அதுவும் பாதிதான் உண்மை. இறந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிற பிளேட்டோவுக்கு என் காவல் எதற்கு? அவரைப் படித்ததில் செலவழிந்த என் முப்பது ஆண்டுகளுக்குத்தான் அன்று சுருக்கென்றது.

பெரியவர்களே இதை அறிந்திருந்தார்கள். அதே 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரைக் குறை சொல்லத் தொடங்குமுன், பிளேட்டோ அந்நூலில் பேசவைக்கும் அவர் குரு சாக்ரடீஸ் தயங்குகிறார். சிறுவயது முதல் ஹோமர்மேல் உள்ள அன்பும் மரியாதையும் நாவைத் தடுக்கின்றன, ஆனாலும் உண்மைக்கு மேலாக ஒரு மனிதரை வைக்கக் கூடாது, பேசித்தான் ஆக வேண்டும் என்கிறார். பிளேட்டோவிடம் சுமார் இருபது ஆண்டு இருந்த அரிஸ்டாட்டில், அறவியல் நூலின் முதல் பகுதியிலேயே குருவின் கொள்கையை மறுக்க நேரும்போது ஏறக்குறைய இதையே சொல்கிறார். நண்பர்கள், உண்மை இரண்டுமே அன்புக்குரியவை, ஆனால் உண்மையை முன்வைப்பதே அறம் என்கிறார். மறுப்பு அன்பைத் தின்றுவிடவில்லை பாருங்கள். இருவருமே தயக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுக்கிறார்கள். நான் அன்று தயங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, காவலுக்கு நின்றேன்.

காவல் என்றதும் நினைவுக்கு வருகிறது. கௌதமர் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய நடப்பது வாதம். வெற்றிக்காக நடப்பது ஜல்பம். தன் தரப்பு என்று எதையும் நிறுவாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே நோக்கமானால் விதண்டை. தமிழில் "விதண்டாவாதம்" என்று திட்டுகிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். வாதத்தை யாரோடு செய்வது என்றும் சொல்கிறது. குரு, மாணவன், உடன் பயில்பவன், நன்மை நாடுகிறவன், அதுவும் பொறாமை இல்லாதவனாக இருக்க வேண்டும். பிறகு ஒன்று சொல்கிறது, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டம்தான் கண்ணில் தெரியும். முளைவிட்ட பயிரைக் காக்க முள் வேலி போடுவதுபோல, உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் பயன்படலாம் என்கிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் சீமைக்கருவேலத்துக்கு நம் பக்கம் வேலிகாத்தான் என்றும் பெயர் இருப்பதும், அது இன்று எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதும் கௌதமருக்குத் தெரியாது. பரமக்குடியிலிருந்து இராமநாதபுரம் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். வேலி நிற்கிறது, உள்ளே வயலைக் காணோம். நாயகரைக் காக்கக் கிளம்பிய பல வட்டங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

இனி எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாயகர்மேல் உள்ள கோபத்தில், வாழ்க்கையில் ஒரு கறை கண்டவுடன் நூலையே தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டத்தில் முதலில் பேசியவர் அந்த வகையாக இருக்கலாம். இவர்களுக்கு நான் சொல்லும் கதை கொட்லொப் ஃபிரெகேயுடையது. கணிதத்தைத் தர்க்கத்தின் மேல் எழுப்பப் பாடுபட்ட ஜெர்மானியர். 1893இல் அதற்கான அவர் நூலின் முதல் தொகுதி வந்தது, 1902இல் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. அப்போது 53 வயதான அவருக்கு 30 வயது ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம், தேதி ஜூன் 16. கணம் என்றால் கணிதத்தில் பொருள்களின் தொகுப்பு. தன்னைத் தான் உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் திரட்டி ஒரு கணம் செய்தால், அந்தக் கணம் தன்னைத் தான் உறுப்பாகக் கொள்ளுமா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது, இல்லை என்றால் ஆம் என்றாகிறது. ஃபிரெகேயின் அடிப்படை விதி ஒன்று அங்கேயே சரிந்தது. வாழ்நாள் உழைப்பு. அவர் என்ன செய்தார்? ஆறு நாளில் பதில் எழுதினார். கண்டுபிடிப்பு தன்னை அதிரவைத்தது என்று ஒப்புக்கொண்டார், அது முக்கியமானது என்றும் சொன்னார். 1903இல் வந்த தொகுதியில் ஒரு பின்னுரை சேர்த்து, கட்டடத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டதைத் தன் கையாலேயே அச்சேற்றினார். 60 ஆண்டு கழித்தும் ரஸ்ஸல், உண்மைமேல் அவர் கொண்ட பற்றுக்கு ஈடாகத் தான் அறிந்தது எதுவும் இல்லை என்று எழுதினார். எனக்கு இந்த ஒரு கடிதப் போக்குவரத்து போதும், நாகரிகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் காட்ட.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் ஃபிரெகேக்கு ஒரு சிலை வைத்திருப்பேன். 1924இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் வெளிப்பட்டது. அதில் யூதர்களுக்கு எதிரான கசப்பு, மக்களாட்சிமேல் வெறுப்பு, எல்லாம் இருக்கிறது. ஃபிரெகேயின் சிந்தனைக்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஆங்கிலத் தத்துவவாதி மைக்கேல் டம்மெட், 1973இல் தன் பெரிய நூலின் முன்னுரையில் இதை மறைக்காமல் எழுதினார். டம்மெட்டோ இனவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கி வேலை செய்தவர், அதனாலேயே அந்த நூல் தாமதமானது. முற்றிலும் பகுத்தறிவுள்ளவர் என்று மதித்து வந்த மனிதர் இப்படிப்பட்டவரா என்ற அதிர்ச்சியைச் சொல்லிவிட்டு, நூலையும் வெளியிட்டார். ஃபிரெகேயின் தர்க்கம் அந்த நாட்குறிப்பால் பொய்யாகவில்லை. நாட்குறிப்பு தர்க்கத்தால் வெளுக்கவும் இல்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் விஷயம் இவ்வளவு தெளிவானது அல்ல. அவர் 1933 மே 1 அன்று நாஜிக் கட்சியில் சேர்ந்தது உறுதி. அந்த அரசியல் அவருடைய தத்துவத்தின் உள்ளேயே ஊறியிருக்கிறதா என்பது தீராத வழக்கு. மனிதர், உலகம், வரலாறு பற்றிப் பேசும் தத்துவத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு, கணக் கோட்பாட்டில் இல்லை. கறை வாழ்க்கையில் எங்கே விழுந்தது, அது எழுத்தைத் தொடுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். மொத்தமாகத் தீர்ப்பு எழுதினால் எந்தப் பக்கம் எழுதினாலும் சோம்பல்தான்.

அப்படியானால் பக்தியே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் இருக்கும் இடத்திலிருந்து குந்துகால் பக்கம்தான். 1897 ஜனவரி 26 அன்று சிகாகோ புகழோடு விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் அந்தக் குந்துகாலில் இறங்கியபோது, சேதுபதி மன்னர் பாஸ்கரர் வண்டிக் குதிரைகளை அவிழ்க்கச் சொல்லி, மக்களோடு தாமும் சேர்ந்து வண்டியை இழுத்தார் என்கிறது விவேகானந்தர் வரலாறு. அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கொண்டாடட்டும். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர் தன் குருவை எப்படி ஏற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசைத் தொட்டால் உடல் பொறுக்காது என்று ராமகிருஷ்ணர் சொன்னதைச் சோதிக்க, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்குக் கீழே ஒரு நாணயத்தை வைத்தாராம். குரு அதைக் கண்டு கோபிக்கவில்லை, சோதித்ததை மெச்சினார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. சோதித்தபின் வந்த பக்தி வேறு வகை. அது யாரையும் கத்த வைக்காது.

பட்டிமண்டபம் என்ற சொல்லை மணிமேகலையில் பார்க்கலாம். இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் புகார் நகரத்துச் சமயவாதிகளுக்குச் சொல்கிறான்: பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறுங்கள், "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." பகைவரோடு என்றாலும் சினமும் பூசலும் இல்லாமல் விலகிச் செல்லுங்கள் என்கிறான். முரசறைந்து சொல்ல வேண்டியிருந்தது என்றால் அப்போதும் நாற்காலி உருண்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நாற்காலி இருந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம்.

இதைவிட எனக்கு நெருக்கமான சாட்சி இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி. டிரைவர் வராமல் போன அந்த ஆண்டில் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அவருடைய பாடல் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம், "கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்" என்று தொடங்குவது. தொடக்கத்தை எல்லோரும் சொல்வார்கள், நடுவில் வருவதுதான் கொட்டும். நல்லோர் ஞானத்தைப் பேசினால் கர்மமே முக்கியம் என்பேன், ஒருவன் கர்மத்தை நாட்டினால் ஞானமே முக்கியம் என்பேன். வடமொழி வல்லவன் வந்தால் தமிழில் உள்ளதாக வழக்காடுவேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனங்கள் சிலவற்றை எடுத்து விடுவேன். "வெல்லாமல் எவரையும் மருட்டிவிட வகைவந்த வித்தை என் முத்தி தருமோ" என்று முடிக்கிறார். வெல்லவும் இல்லை, மிரட்டி மட்டும் விடுகிற வித்தை. "முதலில் நூலை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்" என்பது அந்த வித்தையின் இன்றைய வடிவம் என்று அன்று உறைத்தது.

உங்கள் வட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், எங்கள் கொட்டகையில் நடைமுறையில் பயன்பட்ட இரண்டைச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் பலிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். மறுக்கப் போகிறவர் முதலில் எதிராளி சொன்னதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், எதிராளி தலையசைத்த பிறகே மறுப்பைத் தொடங்க வேண்டும். இது நம் பழைய வழக்கம்தான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் முழுவதும், உலகப்பொருள் மட்டுமே உண்மை என்கிற உலகாயதன் முதலாக ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்று முன்வைத்துவிட்டுத்தான் மறுக்கிறது. அந்த எதிராளிகள் தலையசைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம், அவர்களைக் கேட்க வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டு கூட்டங்கள் மிக மெதுவாகப் போகும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ஒரு கேள்வி. யாராவது ஒரு நாயகரைத் தூக்கிக்கொண்டு வந்தால், "அவர் எங்கே சறுக்கியிருக்கிறார் என்று ஒன்று சொல்லுங்கள்" என்று அன்பாகக் கேளுங்கள். வகுப்பில் பல ஆண்டு கேட்டிருக்கிறேன். ஆழமாகப் படித்தவர்கள் யோசிக்காமல் மூன்று இடம் சொல்வார்கள், சொல்லும்போது முகத்தில் ஒரு பிரியமும் இருக்கும். மேற்கோள் மட்டும் வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். கத்தியவரை இதனால் அவமானப்படுத்த வேண்டாம், தனியாக டீக்கடையில் கேளுங்கள். நீட்சேயை உண்மையாகவே நேசிக்கிறவராக இருந்தால் வட்டத்துக்கு அவர்தான் மிகவும் தேவையானவர். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை அடுத்த கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். படித்த பக்கங்களின் எண்ணிக்கை ஒரு கேள்வியைச் சரி என்றோ தவறு என்றோ ஆக்காது. கேள்வி தவறாக இருந்தால் எந்தப் பக்கத்தைப் படித்தால் தெளியும் என்று காட்டுவதுதான் படித்தவர் வேலை.

டிரைவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பாம்பரோ தாள் கிடைத்த மறுநாள், படகு கரைக்கு வரும் நேரம் பார்த்துத் துறைக்குப் போய்ச் சொன்னேன், நீங்கள் கேட்டது சரியான கேள்வி, நான் பேசியது தவறு என்று. ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர், "அதை விடுங்கள் சார், அந்தப் புத்தகம் தமிழில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். இரண்டு ஆண்டாகிறது, இன்னும் முதல் பகுதியைத் தாண்டவில்லை. அங்கே திராசிமாக்கஸ் என்று ஒருவன் வருவான், காட்டு விலங்குபோலப் பாய்ந்து, வலியவனுக்கு ஆதாயமானதுதான் நீதி என்பான். கடைசியில் சாக்ரடீஸிடம் மடக்கப்பட்டு முகம் சிவந்து அடங்குவான். டிரைவர் அவன் கட்சி. கடலில் தினமும் பார்ப்பதைத்தானே அவன் சொல்கிறான், கோபமாகச் சொன்னான் என்பதால் பொய்யாகிவிடுமா, சாக்ரடீஸ் அவனை முழுதாகப் பேச விட்டாரா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார். இதுவரை நான் சொன்ன மூன்று பதில்களையும் அவர் ஏற்கவில்லை. ஏப்ரல் 15 அன்று அடுத்த தடைக்காலம் தொடங்குகிறது, அதற்குள் நாலாவது ஒன்று தேட வேண்டும்.